பட்டாணிக்கு ஒரு விளக்கு

2024 பிப்ரவரி முதல் வாரம், சென்னை அயனாவரத்தில் ஒரு வீட்டிலிருந்து பதினொரு நட்சத்திர ஆமைகளை வனத்துறையினர் எடுத்துச் சென்றனர். வளர்ப்பதே குற்றம் என்று வீட்டுக்காரர் கைதானார். செய்தி ஆறாம் பக்கத்தில் வந்தது.

அதைப் படித்த அன்று மாலையே அவன் தன் வீட்டுப் பால்கனிக் கதவுக்குத் தடித்த திரை போட்டான்.

அவனிடம் இருந்தது ஒன்றுதான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது.

அவன் மனைவி பியூலா வாங்கி வந்தது. கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், கூடையில் கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். பட்டாணி என்று பெயர் வைத்தாள்.

பிறகு மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள்.

"நான் வர்ற வரைக்கும் அத மட்டும் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் கேக்கல."

ஏப்ரலில் பட்டாணியின் ஓடு விரலுக்கு அமுங்கியது.

திரைக்கு அந்தப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வெயில் இல்லாட்டி யூவி லைட்டாவது போடணும்ங்க" என்றாள் போனில். "நீங்க போட்டிருக்கிற குண்டு பல்புல சூடு மட்டும்தான் வரும்."

கடைத்தெருவில் யூவி விளக்கு கேட்டான்.

"எதுக்கு சார்?"

ஆமைக்கு என்று சொல்ல முடியாது.

"வீட்டுக்குத்தான்."

கடைக்காரர் ஒரு கண்ணாடிக் குழலை எடுத்துவைத்தார். "எல்லா வீட்டுக்கும் இதான் சார் போகுது."

பட்டாணி இருந்த தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டினான். நன்றாகப் படட்டும் என்று. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டான். மாலையில் வந்து அணைத்தான்.

இளநீல வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பட்டாணி கண்ணை மூடியே கிடந்தது. நன்றாகத் தூங்குகிறது என்று பியூலாவிடம் சொன்னான்.

"தூங்கட்டும். எழுப்பாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

திங்கள் காலை கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போலிருந்தது. திறக்க முடியவில்லை. கீழ் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து கிளினிக்கில் இறக்கிவிட்டார்.

"வெல்டிங் வேலையா?" என்றார் டாக்டர். வயதான பெண்மணி.

"இல்ல மேடம். ஆபீஸ்."

"வெல்டிங்க வெறுங்கண்ணால பாத்தவங்களுக்குத்தான் இப்படி வெந்திருக்கும். வீட்ல என்ன லைட்டு எரியுது?"

சொன்னான்.

"அது தண்ணி மெஷினுக்குள்ள கிருமிய கொல்றதுக்குப் போடற லைட்டுப்பா. அதுக்கு முன்னால உக்காந்து பேப்பரா படிச்சீங்க?" லேசாகச் சிரித்தார். "ரெண்டு நாள்ல சரியாயிடும். வீட்ல வேற யாரும் அதுல இல்லையே?"

"ஒண்ணு இருக்கு மேடம். சின்னது."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு வாரமா."

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"உடனே தூக்கிட்டு வாங்க. இப்பவே. நான் உக்காந்திருக்கேன்."

சரி என்றான். சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

திரும்பப் போகவில்லை.

குழலைக் கழற்றினான். மருந்தைப் பட்டாணிக்குப் போட்டுப் பார்த்தான். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சொட்டு ஓட்டில் விழுந்து வழிந்தது.

தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை திரையைப் பிடுங்கினான். பட்டாணியைப் பால்கனியில், முழு வெயிலில் வைத்தான். முன்னால் இரண்டு செம்பருத்திப் பூக்கள். அது பூவின் மேல் ஏறி நடந்து சுவரில் முட்டி நின்றது.

எதிர் பால்கனியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆமையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அன்று வனத்துறையிலிருந்து யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பியூலா வீடியோவில் வந்தாள். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். வெயிலில் ஓட்டின் மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தன.

"எவ்ளோ வெளிச்சம்" என்றாள். "நல்ல லைட்டாத்தான் வாங்கியிருக்கீங்க. இன்னும் தூங்குதா?"

"தூங்குது."

பட்டாணி வியாழக்கிழமை காலையிலேயே இறந்திருந்தது.