தரை டிக்கெட்

"எழுதிக்கங்க. பேரு சின்னான். வயசு இருவத்திரெண்டு. இருக்கறது கோயமுத்தூரு, உக்கடம் கொளத்துக்குப் பக்கத்துல."

"உங்கம்மாவுக்குத்தானப்பா கடுதாசி? பெத்தவளுக்கு உன்ற வயசு தெரியாதா?" என்றார் வெங்கடபதி. தபாலாபீஸ் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் அவர்.

"படிச்சுச் சொல்றவங்க ஆருன்னு தெரியாதுங்களே. அவியளுக்கும் வெளங்கோணுமுங்க."

வெங்கடபதி எழுதிக்கொண்டார்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா மாசாணியம்மாளைக் கோயமுத்தூருக்குப் பேசும் படம் பார்க்க வரச் சொல்ல வேண்டும். அதுதான் கடிதம். வியாழக்கிழமையோடு கொட்டகையிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறார்கள். அதற்குள் வந்தாக வேண்டும்.

போன வாரம் அம்மா யாரையோ எழுதச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். பட்டணத்தில் கஷ்டப்பட்டது போதும், பண்ணைக்காரர் தம்பிதுரை பழையபடி கவலை ஓட்டச் சேர்த்துக்கொள்கிறாராம், அமாவாசைக்குள் நீ வந்துவிடுவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று. கவலை ஓட்டுவது என்றால் கிணற்றடியில் மாடுகளைக் கூப்பிட்டுப் பாடி, முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் சின்னான் அதை விட்டுக் கிளம்பியபோது, மாட்டைக் கத்தி ஓட்டுவதைத் தவிர உனக்கு என்னடா தெரியும் என்று பத்துப் பேர் நடுவில் கேட்டவரும் அதே தம்பிதுரைதான். அன்றைக்கு அம்மாவும் அங்கேதான் இருந்தாள்.

இந்தப் படத்துக்கு வந்துவிட்டால் அம்மா அந்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று சின்னான் சொன்னான். எப்படி என்று சொல்லவில்லை.

வெங்கடபதிக்கு அது பிடிபடவில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் பெட்டி தூக்குகிறவன். லீவு கிடையாது, போய் அழைத்து வரவும் முடியாது. பஸ் சார்ஜ் போக வர ஒரு ஆளுக்கு ஒன்றரை ரூபாய். இதில் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளும் கூட வர வேண்டுமாம், அம்மா தனியாக வரமாட்டாளாம். ஒரு வாரக் கூலி பஸ்ஸிலேயே போய்விடும்.

காங்கேயத்துக்கே ஒருநாள் டென்ட் கொட்டகை வரும், வாசலுக்கு வந்ததை ஓரணாவுக்குப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லிப் பார்த்தார். அமாவாசைக்கு முன்னால் வராது என்றான் சின்னான்.

"செரி, உன்ற காசு. சேர் டிக்கெட்டுன்னு எழுதட்டுமா? எட்டணா."

"தரை டிக்கெட்டுன்னு எழுதுங்க. ரெண்டணா."

வெங்கடபதி பேனாவைக் கீழே வைத்தார்.

அந்தப் படத்தை அவர் இரண்டு தடவை பார்த்தவர், இரண்டு தடவையும் சேரில். தரையைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. மணல், வெற்றிலை எச்சில், பெண்கள் பக்கத்தில் ஓயாத பிள்ளை அழுகை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து போய்விடும். ஆட்கள் எல்லாம் பனைமரம் மாதிரி நீளமாக, கோணலாகத் தெரிவார்கள். திரைக்குப் பின்னால் இருக்கிற சத்தப் பெட்டி காதைக் கிழித்துவிடும்.

சின்னான் கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டான். "ஏனுங்க, அந்தப் பெட்டி தரை டிக்கெட்டுக்கு நேர் முன்னாலதானுங்களே இருக்குது?"

"மூணு ரூபா பஸ்ஸுக்குக் குடுக்கறவன் ஆளுக்கு ஆறணாவுக்கு மூக்கால அழுகறயே. பெத்தவளக் கூப்புட்டு மண்ணுல உக்கார வெச்சு, கோணல் படம் காட்டப் போறயாக்கு?"

"கோணலாத் தெரிஞ்சாலும் பரவால்லீங்க."

"உன்னையாட்ட ஒரு மகன் எனக்கு வேண்டாஞ்சாமி" என்றபடி பேனாவை எடுத்தார் வெங்கடபதி. ஆனால் படத்தை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. "ஒண்ணு சொல்றேன். அந்த நடிகன் கவலை ஓட்டற எடம் வருது பாரு, அதுக்கே குடுக்கலாம் எட்டணா. மெட்ராஸ்காரனாம். என்ன கொரலு. நம்மூரு ஆளாட்டவே மாட்டக் கூப்புடறான். இன்னொருக்கா போடுன்னு கொட்டாயே கத்துது."

சின்னான் தலையைக் குனிந்துகொண்டான். கால் கட்டைவிரல் மண்ணில் கோடு இழுத்தது.

"அதையுந்தானுங்க எழுதோணும்."

"எதைய?"

"நாந்தூக்கறது லைட்டுப் பெட்டீங்க, படம் புடிக்கற எடத்துல. அன்னிக்குக் காங்கேயத்துலிருந்து கொண்டுவந்த மாடு ரெண்டும், அந்த நடிகரு எத்தனை கூப்புட்டும் அசையல. மத்தியானம் வரைக்கும் அல்லாரும் கத்திப் பாத்தாங்க. நான் பெட்டிய எறக்கி வெச்சுப்போட்டு ஒரு சத்தங் குடுத்தேன். ரெண்டும் நடந்துருச்சுங்க." சின்னான் நிமிர்ந்தான். "முழுப் பாட்டையும் என்னையவே பாடச் சொன்னாங்க. வாயசைக்கறது அவரு. கொரலு என்னோடதுங்க."

வெங்கடபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். தம்பிதுரை கேட்டதாக அவன் சொன்னதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"உன்ற மூஞ்சி ஒரு எடத்துலயும் வரலியேப்பா. ரெண்டு தடவை பாத்த எனக்கே தெரியல. உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அவியளுக்கு மொதச் சத்தத்துலயே தெரிஞ்சுருமுங்க. கடேசியா இதைய எழுதி முடிங்க." சின்னான் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "இதப் படிக்கறவங்களுக்கு ஒரு கும்புடு. வியாழக்கெழமைக்குள்ள எங்கம்மாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பொன்னாத்தாளோட பஸ்ஸேத்தி உடுங்க, அம்மாவுக்கு ரெண்டு கண்ணுந் தெரியாது."