ராகினியைக் கப்பலேற விடாதவர்

"பொம்பளப்பிள்ளையக் கப்பல்ல ஏற விடமாட்டேன்னு சொல்லிட்டியாமே! எந்தக் காலத்துலண்ணே இருக்கே?"

மெர்லிமாவிலிருந்து வந்த கோமளா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் ரங்கசாமியைப் பிடித்துக்கொண்டாள்.

ரங்கசாமி உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஹாலில் அவர் மகள் ராகினி கம்ப்யூட்டர் முன்னால், மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். கடலடி உயிர்களை ஆராய்கிறவள். கூட வேலை செய்கிறவர்களெல்லாம் நடுக்கடலில் கப்பலில் இருக்க, இவள் மட்டும் மலேசியாவின் புலாவ் செபாங்கிலுள்ள வீட்டிலிருந்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்த கோமளா, திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மூவாயிரம் மீட்டர் ஆழம். வெயிலே எட்டிப் பார்க்காத இருட்டு. கப்பலிலிருந்து இறக்கிய ரோபோட்டின் வெளிச்சத்தில், கண்ணாடியால் செய்தது போல ஏதோ ஒன்று மிதந்து வந்தது. அதன் உடம்பு முழுக்கக் கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரி நிறம் நிறமாக ஒளி ஓடியது.

ராகினி இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னாள். கடலடியில் ரோபோட் அவள் சொன்ன பக்கம் திரும்பியது.

கோமளாவுக்கு உடம்பு சிலிர்த்தது. "முருகா! இவ இங்க பேசறா, அது அங்க கேக்குதே!"

"அருமை ராகினி! இதை மனுஷன் யாரும் இதுவரை பார்த்ததில்லை," ஸ்பீக்கரில் கப்பலிலிருந்த குழுத் தலைவர் துள்ளினார். "உன் அப்பா மட்டும் சம்மதித்தால், அடுத்த பயணத்தில் நீயும் இங்கே இருக்கலாம்."

கோமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டியாண்ணே? ஊரே உன்னை ஏசுதுலா!"

"விடமாட்டேன்," என்றார் ரங்கசாமி. காப்பி கலக்க அடுப்படிக்குப் போய்விட்டார்.

ரோபோட் மேலே ஏறத் தொடங்கியதும் ராகினி எழுந்து அப்பா பின்னால் போனாள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கோமளாவும் போனாள். அடுப்படி வாசலில் ராகினியின் அழுகுரல் கேட்டு நின்றாள்.

"உண்மையச் சொல்லிடறேன்ப்பா. படகுல கால வச்சாலே எனக்கு மயக்கம் வருது, நடுங்குதுன்னு சொல்லிடறேன். பாவம், உங்களைப் போயி எல்லாரும் ஏசறாங்க."

"கடலுக்குப் பயந்தவளுக்குக் கடல் ஆராய்ச்சியான்னு உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்கம்மா. என்னைத்தானே ஏசறாங்க, ஏசட்டும். நீ போய் வேலையப் பாரு."

கோமளா சத்தம் போடாமல் ஹாலுக்குத் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் தலைவர் விடுவதாயில்லை. "ராகினி, அப்பாவிடம் இன்னொரு தடவை பேசிப் பாரேன்."

கோமளா மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதட்டினாள்:

"நான் அவளோட அத்தை. எங்கண்ணன் விட்டாலும் நான் விடமாட்டேன்லா!"