அசராத டாக்டர்

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரவு பகலாக அவசரப் பிரிவில் நின்று ஓய்ந்துபோன டாக்டர் ஏசுவடியாள், ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்.

பெரிய டாக்டர் சாம்ராஜ் சிரித்தார். "பொம்பளையளே இப்படித்தான். வேலை கூடுனா வீட்டுக்குப் போறேன்னு நிப்பிய. கோமதிநாயகம் டாக்டர் என்னைக்காவது களைப்புன்னு சொல்லிருப்பாரா?"

"சொல்லலை சார்."

"எப்ப எட்டிப் பாத்தாலும் அவரு கோட்டு நாற்காலியிலதான் கெடக்கு. மனுசன் வீட்டுக்கே போகமாட்டாரு போல."

ஏசுவடியாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "சார், அவரு இங்க முடியலைன்னு போன சித்திரையிலயே துபாய்க்குப் போயிட்டாரு. கோட்டைத்தான் மறந்துட்டாரு. அவரு டூட்டியையும் நான்தான் பாக்குதேன்."

சாம்ராஜ் கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்பம் உங்களை விடவே முடியாதும்மா. ஒரே நாள்ல ரெண்டு டாக்டர் போனா ஆஸ்பத்திரி என்னத்துக்கு ஆகும்?"