மலைக்கு மேல் மலை

“ஆரடா இதை என்ர கதவில ஒட்டினவன்?”

ஜெயரட்ணம் வாசற்கதவில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்தெடுத்தார். தூரிகையால் கறுப்பு மையில் எழுதிய ஒற்றைச் சீன எழுத்து. வேலை முடிந்து அவரைக் காரில் கொண்டுவந்து விட்ட சிறிதரன் எட்டிப் பார்த்தான்.

“மலைக்கு மேல மலை வச்ச மாதிரிக் கிடக்கு அண்ணை. யோகா அக்கா வீட்டிலதானே, முதல்ல அவவைக் கேளுங்கோ.”

“என்ர மனிசிக்கு என்ன தெரியும்? நான் இல்லாத நேரம் கதவு திறக்கக்கூடாது, ஒருத்தரோடயும் கதைக்கக்கூடாது எண்டு வந்த அண்டைக்கே சொல்லிப்போட்டன். நேர்ஸ் வேலைக்குப் போறன் எண்டு நிண்டவளையே அடக்கி வச்சிருக்கிறன். இந்தத் தெருவில சீன எழுத்துத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். வா!”

கிளேட்டன் புறநகரில் அவர்களுக்குப் பக்கத்து வீடு சீனரான வொங்குடையது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரின் முகத்துக்கு நேரே தாளை நீட்டினார் ஜெயரட்ணம்.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

வொங் குழாயை மூடினார். “வெளியே போவது என்று அர்த்தம்.”

“கேட்டியே சிறி? வெளிய போகட்டாம்!” ஜெயரட்ணம் சிறிதரனிடம் தாளை ஆட்டிக் காட்டினார். மறுபடி வொங்கிடம் பாய்ந்தார். “நிறம் பார்க்காமல் ஆட்களை நாட்டுக்குள் விடுகிறோம் என்று அரசாங்கம் சொல்லி இரண்டு வருடம்தான் ஆகிறது. வெள்ளைக்காரனே சும்மா இருக்கிறான், நீயா என்னைத் துரத்துவது?”

“‘வெளியே போ’ என்பது, என் பாட்டனார் இந்த நாட்டுக்குத் தங்கம் தோண்ட வந்தபோது வெள்ளைக்காரர்கள் அவரைப் பார்த்துக் கத்திய வார்த்தை. நான் யாரையும் அப்படிச் சொல்லமாட்டேன். இந்த எழுத்து அதுவல்ல.” வொங் விரலால் கோடுகளைத் தொட்டுக் காட்டினார். “இரண்டு மலை என்றுதான் பலரும் நினைப்பார்கள். மூவாயிரம் வருடங்களுக்கு முன் எலும்பில் கீறிய வடிவத்தில் மலையே இல்லை. ஒரு குழி, அதிலிருந்து வெளியே வைக்கும் ஒரு பாதம். அவ்வளவுதான். துரத்துவதல்ல, தானாகப் புறப்படுவது.”

“எனக்குப் பாடம் நடத்தாதே! ஒட்டியது யார்? பொலிஸைக் கூப்பிடுவேன்!”

சிறிதரன் கையைப் பிடித்தான். ஜெயரட்ணம் உதறினார்.

“என் மாணவி,” என்றார் வொங். “ஆறு மாதமாகப் பகலில் வருகிறார். ஆங்கிலம் படிக்கத்தான் வந்தார், இந்த எழுத்துகளும் பிடித்துப்போயின. தன் பாஷையில் எழுதினால் நீங்கள் வாசிக்காமலே கிழித்துப்போடுவீர்களாம். இப்படியென்றால் யாரிடமாவது நின்று கேட்டுத்தானே ஆகவேண்டும் என்றார்.”

ஜெயரட்ணம் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். எந்த அறையிலும் விளக்கு இல்லை.

“பல்லாரட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. காலை ரயிலில் நான்தான் ஏற்றிவிட்டேன், உங்கள் மனைவியை.”