பெரிய குக்கர்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஏலவார்குழலி கர்ப்பமாகியிருந்தாள். கணவன் பரமசிவத்திடம் இன்னும் சொல்லவில்லை. பட்டுப்புடவை விற்க அவன் வாரத்தில் பாதி நாள் வெளியூர் போய்விடுவான்.

வீட்டிலிருந்த கரிக் குக்கர் இரண்டு பேருக்குத்தான் காணும். காலையில் கரியைப் பற்றவைத்து, அரிசியையும் பருப்பையும் அடுக்கிவிட்டுத் தறியில் உட்கார்ந்தால், மத்தியானம் பதமாக வெந்திருக்கும். பெரிதாக ஒன்று வாங்கி வைத்து, “எதுக்கு?” என்று அவன் கேட்கும்போது விஷயத்தைச் சொல்ல நினைத்தாள்.

பாத்திரக்கடைக்குப் போனாள்.

“புடவை ஏஜெண்ட் பரமசிவம் வீட்லருந்து வரேன். பெரிய கரிக் குக்கர் வேணும்ணா.”

கடைக்காரர் வரதராஜன் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னொண்ணா? போன மாசந்தானேம்மா பெருசா வாங்கினாரு? பொண்டாட்டி, ரெண்டு பசங்க, எல்லாருக்கும் பத்தணும்னாரு. நான்தான் செவிலிமேட்டு வீட்டுக்கு ஆள் விட்டு அனுப்பிச்சேன். ஏம்மா, ஒழுகுதா?”

ஏலவார்குழலியின் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது.

“இல்லண்ணா. அது நல்லாத்தான் இருக்கும்.”

“அப்போ இது வேணாமா?”

“வேணாம். நானும் வரப்போற புள்ளையும் ரெண்டே பேருதான். எங்களுக்குச் சின்னதே போதும்.”