மறைப்பு

“இந்தச் சுவரை யாரும்மா கட்டினது?” என்று, எங்கள் வீட்டை ஒட்டிய வயலில் குழி வெட்டிக்கொண்டிருந்த அகழாய்வு அதிகாரி என்னிடம்தான் கேட்டார். “நாந்தானுங்க” என்றாள் அம்மா. உழும்போது கிளம்பும் கருகிய மண்குடுவைகளைப் பொறுக்கி, சேறு வைத்து அடுக்கி, நான் வயதுக்கு வந்த வருடம் குளிக்க மறைப்புக் கட்டித் தந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒதுங்க அப்படியொரு மறைப்பு இல்லாததால்தான் படிப்பை நிறுத்திவிட்டேன்.

“இதுலதாம்மா அந்தக் காலத்துல எஃகு உருக்கியிருக்காங்க. பொக்கிஷத்துல குளிக்கிற ரூம் கட்டியிருக்கீங்களே!” என்று சிரித்தார். குடுவைகளுக்கு எண் எழுதி, ஒவ்வொன்றாகப் பஞ்சில் பொதிந்தார். அந்தக் கைகளைக் கடித்துவிடலாம் போலிருந்தது. சாயங்காலம் சுவர் இருந்த இடத்தில் தெரு தெரிந்தது.

“இனி எங்கீங்க குளிக்கறது?” என்று அம்மா கேட்டாள்.

“மனு எழுதிக் குடும்மா, பாக்கலாம்.” ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பினார். “குழிப் பக்கம் யாரும் போயிடாதீங்க. தண்ணி பட்டா மண்ணடுக்கு கலைஞ்சிடும்.”

நான் எழுதிய மனுவை அம்மா பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை அவர் வந்தபோது, ஆளுயரத்துக்கு நேர்த்தியாக வெட்டிய அவருடைய குழியைச் சுற்றி எங்கள் பச்சைச் சேலை கட்டியிருந்தது. உள்ளே அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆரது? பொம்பளப்புள்ள குளிக்கற எடமுன்னு தெரியலையா?”

சேலைக்கு அடியில் தெரிந்த பூட்ஸ் கால்கள் இரண்டடி பின்வாங்கின. பிறகு ஜீப்பை நோக்கித் திரும்பிப் போயின.