பதினேழு வெட்டு

“பதினேழு வெட்டு தம்பி. தலையவே காணோம். ஒத்த ஆளு வேலையில்ல, நாலஞ்சு பேராச்சும் சேந்துதேன் கொத்தியிருக்கணும்” என்றார் ஐயாத்துரை. இருபத்திநான்கு வருடங்களுக்கு முன், பரளச்சிக் கண்மாய்க்குள் கிடந்த அந்த உடலைப் பாயில் சுருட்டி வண்டியேற்றிய ஏட்டு இவர்தான்.

மாரீஸ்வரன் குறித்துக்கொண்டான். துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றி அவன் எழுதும் புத்தகத்தில் இந்த அத்தியாயம் மட்டும் முடியவே மாட்டேன் என்றது. கொன்றவன் யாரென்று தெரியாத கேஸ் எத்தனையோ உண்டு. இதில் செத்தவன் யாரென்றே தெரியாது.

அம்மாவின் மணிக்கட்டை முறித்துப் போட்டுவிட்டு ஓடிப்போன அப்பனைத் தேடாதவன், ஊர் பேர் தெரியாத பிணத்தைத் தேடுகிறான் என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். “செத்தவன் கதை ஒனக்கு எதுக்குய்யா?” என்று, வருடா வருடம் போலக் கோயிலுக்குப் பஸ் ஏறப்போன அம்மாவும் காலையில் முகத்தைச் சுளித்தாள்.

“இன்னைக்கு ஆடிக் கடைசிச் செவ்வா. வருசா வருசம் பொணம் கெடந்த எடத்துல, அந்தா அந்தக் கல்லுல கோழி ரத்தம் கெடக்கு” என்று கண்மாய்க்குள் கை காட்டினார் ஐயாத்துரை. “வெட்டுப்பட்டுச் செத்தவன் சும்மா விடமாட்டான்ல? அதேன், வெட்டுனவன் வீட்டுலருந்து வந்து கோழி குடுப்பாக. குடுக்காட்டி அவுக புள்ள தங்காதுன்னு பயம்.”

“இத வேலையில இருக்கையில பாக்கலையா சார்?”

“ரிட்டையராகி ஆடு மேய்க்க வந்த பெறகுதேன் பாத்தேன்.”

இருவரும் சீமைக்கருவேலப் புதருக்குள் பதுங்கினார்கள். உச்சி வெயிலில், முக்காடு போட்ட ஒருத்தி கல்லின் முன் வந்து நின்றாள். பையிலிருந்து சேவலை எடுத்துக் காலடியில் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அரிவாளைத் தூக்கினாள்.

முதல் வெட்டு இறக்கையில் விழுந்தது. அடுத்தது நெஞ்சில். ரத்தம் அவள் முகம் வரை தெறித்தது. கழுத்தில் ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை. சேவல் அடங்கிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

எண்ணிக்கொண்டே வந்த ஐயாத்துரை ஒன்பதோடு நிறுத்தினார். “ஒத்த ஆளுதேன் தம்பி” என்றார்.

மாரீஸ்வரனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. புத்தகம் முடிந்துவிட்ட சந்தோஷத்தில் செல்போன் கேமராவை நீட்டிக்கொண்டு ஓடினான். சுள்ளி முறிந்த சத்தத்தில் அவள் திரும்பினாள். முக்காடு நழுவியது.

அம்மா.

அவன் கையிலிருந்த செல்போன் நழுவி விழுந்தது. அவள் பதறவில்லை. ரத்தம் வழிந்த அரிவாளைக் கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“வந்துட்டியா? செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஒங்கப்பாவக் கும்புட்டுக்க.”